ஒற்றை + ஒற்றை = இரட்டை: லீனில் உங்கள் முதல் தேற்றம்

இரண்டு ஒற்றைப்படை எண்களைக் கூட்டினால் இரட்டைப்படை எண் வரும். பள்ளியில் படித்த இந்த ஒரு வரியை, கணித நிரூபணங்களைச் சரிபார்க்கும் லீன் 4 மென்பொருள் ஏற்கும்படி எழுதப் போகிறோம். இன்ஸ்டால் எதுவும் வேண்டாம். பிரவுசரிலேயே ஓடும் லீன் எடிட்டர் போதும். முதல் வரியில் மேத்லிப்பை இம்போர்ட் செய்யுங்கள். 2017 முதல் பல நாட்டுக் கணிதர்கள் சேர்ந்து வளர்த்துவரும், லீனில் எழுதிய வரையறைகளும் தேற்றங்களும் கொண்ட நூலகம் அது.

படி 1: தாளில் எழுதுங்கள். ம = 2க + 1, ன = 2ச + 1. கூட்டினால் 2க + 2ச + 2. ஆகவே இரட்டை. கணிதம் இவ்வளவுதான்.

படி 2: கூற்றை மட்டும் லீனில் எழுதுங்கள். நிரூபணம் வரவேண்டிய இடத்தில் 'சாரி' (sorry) என்ற கட்டளையைப் போடுங்கள். 'நிரூபணம் பிறகு' என்று அர்த்தம். லீன் ஒரு எச்சரிக்கையோடு விட்டுவிடும்.

இங்கே அவசரப்படாதீர்கள். நிரூபணத்தில் ஓட்டை இருந்தால் லீன் பிடித்துவிடும். கூற்றே நீங்கள் நினைத்தது இல்லை என்றால் அதற்குத் தெரியாது, அதை நீங்கள்தான் பார்க்க வேண்டும். உதாரணமாக, லீனின் இயல் எண்களில் 3 − 5 என்பது 0. அதனால் ம − ன + ன = ம என்று எழுதினால் அது பொய்க் கூற்று! கழித்தல் வந்தாலே, எதிர்ம எண்களும் உள்ள முழுக்களுக்கு மாறிவிடுவது நல்லது.

வரையறையையும் திறந்து பாருங்கள். மேத்லிப்பில் ஒற்றை எண் 2க + 1 வடிவில்தான் இருக்கிறது. ஆனால் இரட்டை எண் 2ர அல்ல, ர + ர.

படி 3: 'சாரி'யை எடுத்துவிட்டு நிரப்புங்கள். 'ஆப்டெய்ன்' (obtain) கட்டளையால் க, ச இரண்டையும் வெளியே எடுங்கள். ர எது என்று லீன் கேட்கும். க + ச + 1 என்று கொடுங்கள். மிச்சமிருக்கும் கூட்டல் சமன்பாட்டை 'ஓமேகா' (omega) கட்டளை ஒரே அடியில் முடித்துவிடும். எச்சரிக்கை மறைந்தால் தேற்றம் உங்களுடையது.

படி 4: நூலகத்தில் தேடுங்கள். இதை முதலிலேயே செய்திருக்கலாம்தான், ஆனால் கையால் ஒருமுறை செய்தால்தான் புரியும். 'எக்ஸாக்ட்' என்ற கட்டளையோடு கேள்விக்குறி சேர்த்துப் (exact?) போட்டால், பொருந்தும் தேற்றம் இருக்கிறதா என்று லீனே தேடிச் சொல்லும். நம்முடையது அங்கே ஏற்கெனவே இருக்கிறது.

அப்புறம் ஒற்றை × ஒற்றை = ஒற்றை என்பதை முயன்று பாருங்கள். மாறிகள் ஒன்றோடொன்று பெருகுவதால் அங்கே 'ஓமேகா' உதவாது. ம, ன இரண்டையும் க, ச வழியாக மாற்றி எழுதி, விடை 2ர + 1 ஆக வரும்படி ர-வைக் கொடுத்துவிட்டு, இயற்கணிதச் சமன்பாடுகளைச் சரிபார்க்கும் 'ரிங்' (ring) கட்டளையைப் போடுங்கள்.