கிளேஸ் கணக்குக்கு எந்த மென்பொருள்? 4-3-2-1 வைத்துச் சோதிக்கும் முறை

மண்பாண்டத்தின் மேல் பூசிச் சுடும் கண்ணாடிப் பூச்சுதான் கிளேஸ். அதற்கான மென்பொருள் அடிப்படையில் செய்வது ஒரே வேலைதான். ஃபெல்ட்ஸ்பார் இத்தனை கிராம், குவார்ட்ஸ் இத்தனை கிராம் என்று நாம் கொடுக்கும் எடைக்கணக்கை, சூளைக்குள் உருகி நிற்கப்போகும் ஆக்சைடுகளின் மூலக்கூறு கணக்காக மாற்றித் தருகிறது. அந்தக் கணக்குக்கு யூனிட்டி ஃபார்முலா அல்லது செகர் சூத்திரம் என்று பெயர். உருக்கிகளான பொட்டாசியம், சோடியம், கால்சியம், மெக்னீசியம், துத்தநாக ஆக்சைடுகளைக் கூட்டி 1 ஆக்கிவிட்டு, அதற்கு எத்தனை பங்கு அலுமினா, எத்தனை பங்கு சிலிக்கா என்று பார்ப்பார்கள். திரையில் மீதி இருக்கும் படம், வண்ணம், வரைபடம் எல்லாம் இதற்கு மேல் போட்ட அலங்காரம். அதனால் அலங்காரத்தைப் பார்க்கும் முன் கணக்கைச் சோதியுங்கள்.

சோதிக்க எளிய ரெசிபி, உலகம் முழுக்கக் குயவர்கள் அறிந்த 4-3-2-1: பொட்டாஷ் ஃபெல்ட்ஸ்பார் 40, குவார்ட்ஸ் பவுடர் 30, ஒயிட்டிங் (கால்சியம் கார்பனேட் தூள்) 20, சீனாக்களிமண் 10. 1280 டிகிரி வாக்கில் உருகும் கிளேஸ். முதலில் கையால் போட்டுப் பாருங்கள், கால்குலேட்டர் போதும். சுத்தமான பொட்டாஷ் ஃபெல்ட்ஸ்பாரின் மூலக்கூறு எடை 556.7. 40-ஐ அதால் வகுத்தால் 0.0719. ஒரு ஃபெல்ட்ஸ்பாரில் 1 பொட்டாசியம் ஆக்சைடு, 1 அலுமினா, 6 சிலிக்கா உண்டு. ஒயிட்டிங் 20-ஐ 100.1-ஆல் வகுத்தால் 0.1998 கால்சியம் ஆக்சைடு. குவார்ட்ஸ் 30-ஐ 60.1-ஆல் வகுத்தால் 0.4992 சிலிக்கா. சீனாக்களிமண் 10-ஐ 258.2-ஆல் வகுத்தால் 0.0387. அதில் 1 அலுமினா, 2 சிலிக்கா.

உருக்கிகள் இரண்டையும் கூட்டினால் 0.2717. எல்லாவற்றையும் இதால் வகுத்தால் பொட்டாசியம் ஆக்சைடு 0.26, கால்சியம் ஆக்சைடு 0.74, அலுமினா 0.41, சிலிக்கா 3.71 என்று வரும். இதே எண்களை மென்பொருளும் தரவேண்டும். இரண்டாவது தசமத்தில் ஒன்றிரண்டு ஏறி இறங்கினால் பரவாயில்லை. சிலிக்கா 3.4 என்றோ 4.1 என்றோ வந்தால், நீங்கள் தேர்ந்தெடுத்த 'ஃபெல்ட்ஸ்பார்' சுத்தமான பொட்டாஷ் ஃபெல்ட்ஸ்பார் அல்ல, ஏதோ ஒரு அமெரிக்க கம்பெனி சரக்கு என்று அர்த்தம். தப்பு பெரும்பாலும் மென்பொருளில் இருக்காது, அதன் பொருள்பட்டியலில்தான் இருக்கும்.

மென்பொருளைத் தேர்ந்தெடுப்பதில் மிக முக்கியமான கேள்வியும் இங்கேதான் வருகிறது. உங்கள் மூட்டைச் சரக்கின் ரசாயனப் பகுப்பாய்வை நீங்களே உள்ளிட மென்பொருள் விடுகிறதா? வேலூர், ராணிப்பேட்டை பக்கம் கிடைக்கும் ஃபெல்ட்ஸ்பாரும் சீனாக்களிமண்ணும் வெளிநாட்டு மென்பொருளின் பட்டியலில் இருக்காது. அங்கே இருக்கும் பெயர்களில் 'கிட்டத்தட்ட இதுதான்' என்று ஒன்றைத் தட்டினால், பிறகு வரும் கணக்கெல்லாம் அந்த ஊர் மூட்டைக்கான கணக்கு. சரக்கு வாங்கும்போதே டெஸ்ட் ரிப்போர்ட் கேட்டு வாங்குங்கள். அதில் எரிப்பு இழப்பு (சுடும்போது குறையும் எடை), அதாவது எல்.ஓ.ஐ., தனி வரியாக இருக்கும். அதை உள்ளிட இடமில்லாத மென்பொருளை ஒதுக்கிவிடலாம். சீனாக்களிமண்ணில் சிலிக்கா 46.5, அலுமினா 39.5, இழப்பு 14 சதவீதம் என்று வையுங்கள். இழப்பை விட்டுவிட்டு மீதியை 100 ஆக்கினால் சிலிக்கா 54, அலுமினா 46 ஆகிவிடும். களிமண் மட்டும் கணக்கில் 16 சதவீதம் கூடுதலாக நிற்கும். 4-3-2-1-க்கு மொத்த எரிப்பு இழப்பு 10.2 சதவீதம் வரவேண்டும்: ஒயிட்டிங்கில் 8.8, களிமண்ணில் 1.4. இதையும் சேர்த்துச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

நம் வேலூர், ராணிப்பேட்டை பக்கம் அடிக்கடி சறுக்கும் இடம் சுண்ணாம்பு. தோல் பதனிடும் தொழில் இருக்கும் ஊர்களில் சுண்ணாம்பு மூட்டை சுலபமாகக் கிடைக்கும். ஆனால் அது பெரும்பாலும் நீர்த்த சுண்ணாம்பு. ரெசிபியில் ஒயிட்டிங் என்று எழுதியிருப்பது கால்சியம் கார்பனேட். இரண்டும் வெள்ளைத் தூள், கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. நீர்த்த சுண்ணாம்பின் மூலக்கூறு எடை 74.1 மட்டுமே. ஆகவே அதே 20 பங்கு போட்டால் கால்சியம் 0.1998-க்குப் பதில் 0.2699 ஆகிவிடும். சூத்திரத்தில் சிலிக்கா 3.71-லிருந்து 2.95-க்கும், அலுமினா 0.41-லிருந்து 0.32-க்கும் இறங்கும். ஜாடியின் காலில் கிளேஸ் வழிந்து தட்டோடு ஒட்டிக்கொள்ளும். பார்ப்பவர் சூளை அதிகம் ஏறிவிட்டது என்பார். உண்மையில் சூளை சரியாகத்தான் ஏறியிருக்கும். 20 பங்கு ஒயிட்டிங்குக்கு நீர்த்த சுண்ணாம்பு 14.8 பங்கு போதும். அப்படியே போட்டாலும் அது கையை அரிக்கும், தண்ணீரில் கொஞ்சம் கரையும், கலவையைக் கெட்டியாக்கும். முடிந்தவரை கார்பனேட்டே வாங்குங்கள்.

மூட்டை என்னவென்று தெரியாவிட்டால் சூளையே சொல்லும். நன்றாகக் காயவைத்த தூளில் 50 கிராம் எடுத்து, பிஸ்கட் சுட்ட (கிளேஸ் பூசாமல் முதல்முறை சுட்ட) கிண்ணத்தில் வைத்து 1000 டிகிரி வரை சுடுங்கள். சூளை திறந்தவுடன் எடை போடுங்கள், தாமதித்தால் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். 28 கிராம் அளவில் நின்றால் கார்பனேட். 38 கிராம் அளவில் நின்றால் நீர்த்த சுண்ணாம்பு. இடையில் நின்றால், திறந்து கிடந்த பழைய மூட்டை, பாதி காற்றுப்பட்டுக் கார்பனேட்டாக மாறியிருக்கிறது. கிண்ணத்தில் மிஞ்சுவது சுட்ட சுண்ணாம்பு. வெறும் கையால் தொடவேண்டாம், தண்ணீர் பட்டால் கொதிக்கும்.

சுண்ணாம்பு என்றதும் அடுத்துத் தோல்காரர்களின் குரோம் பவுடர் பக்கமும் சிலருக்கு ஆசை போகும். மென்பொருளில் குரோமியம் ஆக்சைடு என்ற வரி இருக்கிறது என்பதற்காக அந்தப் பவுடரைக் கிளேஸில் போடக்கூடாது. அது நீரில் கரையும் சல்ஃபேட். காயும்போது மேற்பரப்புக்கு வந்து சேரும், சூட்டில் கந்தக வாயு வெளியேறிக் கொப்புளம் விடும். நிறத்துக்குப் பீங்கான் தரத்துப் பச்சைக் குரோம் ஆக்சைடு வேறு பொருள். அதைக் கையாளும்போதும் முகமூடி அவசியம்.

மென்பொருள்களைப் பற்றி. கிளேஸி இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, போனிலும் திறக்கும், ஆயிரக்கணக்கான ரெசிபிகள், சுட்ட பாண்டங்களின் படங்களோடு இருக்கின்றன. புதிதாகத் தொடங்குபவருக்கு எங்கள் முதல் சிபாரிசு இதுதான். அதில் வரும் ஸ்டல் வரைபடத்தைப் பார்த்து மயங்கவேண்டாம். சிலிக்கா, அலுமினா அளவை வைத்து கிளேஸ் பளபளப்பா மேட்டா (மங்கலா) என்று காட்டும் படம் அது. ரே ஸ்டல் 1912-இல் வெளியிட்ட அந்தப் படம் கோன் 11 (கோன் என்பது சூளைச் சூட்டை அளக்க வைக்கும் கூம்பு) சூட்டில், உருக்கிகளை 0.3 பொட்டாசியம், 0.7 கால்சியம் என்று நிலையாக வைத்துச் செய்த சோதனை. 4-3-2-1 அதற்கு அருகில் இருப்பதால் அங்கே படம் பொருந்தும். போரான் ஃப்ரிட் (முன்பே உருக்கி அரைத்த கண்ணாடித் தூள்) போட்டு 1050 டிகிரியில் சுடும் செம்மண் பாண்டத்துக்குப் பளபளப்பு, மேட் எல்லை எதையும் அதை வைத்து முடிவுசெய்ய முடியாது.

கனடாவின் டிஜிட்டல்ஃபயர் நிறுவனத்தின் இன்சைட்-லைவ் சந்தா கட்டிப் பயன்படுத்துவது. சோதனைக் குறிப்பு, படம், ரெசிபியின் அடுத்தடுத்த திருத்தங்கள் எல்லாவற்றையும் கோத்து வைக்க இது மேல். பத்துப் பதினைந்து கிளேஸ் வைத்து உற்பத்தி செய்யும் பட்டறைக்குத்தான் அந்தப் பணம் தகும். பழைய டெஸ்க்டாப் மென்பொருள் எதையும் வாங்கும் முன் உங்கள் கம்ப்யூட்டரில் ஓடுகிறதா என்று பாருங்கள். ஐந்தாறு பொருளோடு வேலை செய்பவருக்கு ஒரு எக்செல் ஷீட்டே போதும். மேலே போட்ட வகுத்தலைத்தான் அது செய்யவேண்டும்.

எதை எடுத்தாலும் பொருளின் பெயரைத் தமிழில் அடித்துப் பாருங்கள், பிரிண்ட்டில் எழுத்து உடைகிறதா என்றும் பாருங்கள். கலவை போடுபவர் படிக்க முடியாத தாளால் பயனில்லை.

விரிவுக் குணகம் என்று ஒரு எண் வரும், சூட்டில் கிளேஸ் எவ்வளவு விரியும் என்பதைச் சொல்வது. கிளேஸில் மயிர்வெடிப்பு விழுந்தால் அதைக் குறைக்கவேண்டும், விளிம்பில் சில்லு சில்லாக உரிந்தால் கூட்டவேண்டும். 4-3-2-1-இல் வெடிப்பு வந்தால் குவார்ட்ஸ் 5 பங்கு கூட்டினால் சிலிக்கா 3.71-லிருந்து 4.02 ஆகும், குணகம் இறங்கும். ஆனால் ஒரு மென்பொருளின் எண்ணை இன்னொன்றின் எண்ணோடு ஒப்பிடாதீர்கள், ஒவ்வொன்றும் வேறு அட்டவணை வைத்திருக்கலாம். எண் ஏறியதா இறங்கியதா என்பது மட்டுமே பயன்.

கோன் எண்ணில் முன்னால் வரும் பூஜ்யத்தைக் கவனியுங்கள். 06 என்றால் சுமார் 1000 டிகிரி, 6 என்றால் சுமார் 1220. ஏரி மண்ணில் செய்த பாண்டத்தை 1220-க்கு ஏற்றினால் உப்பிச் சாய்ந்துவிடும்.

ஃப்ரிட்டில் எண் ஒன்றுபோல் இருந்தாலும் தயாரிப்பாளர் மாறினால் சேர்மானம் மாறும். விற்பவரிடம் பகுப்பாய்வு வாங்காமல் ஃப்ரிட் ரெசிபியைக் கணக்கில் ஏற்றவேண்டாம். ஈயம் போட்ட கிளேஸுக்கும் மென்பொருள் அழகான சூத்திரம் காட்டும், விஷம் என்று சொல்லாது. சாப்பாட்டுப் பாத்திரமென்றால், சுட்ட பாத்திரத்தை ஆய்வகத்தில் கொடுத்து 4 சதவீத அசிட்டிக் அமிலத்தை 24 மணி நேரம் ஊற்றி வைக்கும் சோதனை செய்துகொள்வதுதான் வழி.

கலவைக்கு எடை போடும் தாளில் ஒரு பொறி உண்டு. 100 பங்குக்கு மேல் இரும்பு ஆக்சைடு 8 என்றால், 3 கிலோ அடிப்படைக்கு 240 கிராம். சில மென்பொருள் 108-ஐயும் சேர்த்து 3 கிலோவாக்கும், அப்போது இரும்பு 222 கிராம், அடிப்படை 2778 கிராம். விகிதம் இரண்டிலும் ஒன்றுதான். அடிப்படையை ஒரு தாளிலும் இரும்பை இன்னொரு தாளிலும் பார்த்து எடைபோட்டால்தான் நிறம் மாறும். எந்த வழி என்று தெரிந்துகொண்டு, ஒரே வழியில் நில்லுங்கள்.

கணக்கு சரியாக வந்த பிறகு 100 கிராம் மட்டும் கலந்து, பட்டறையின் சொந்த மண்ணில் செய்த நாலைந்து சோதனைச் சில்லை அதில் தோயுங்கள். மென்பொருளில் உள்ள அதே எண்ணைச் சில்லின் பின்பக்கம் இரும்பு ஆக்சைடு குழைத்து எழுதுங்கள். பென்சிலும் ஸ்கெட்ச் பேனாவும் சூட்டில் எரிந்துபோய்விடும்.