கச்சேரி டிக்கெட்: பிளாக் விலைக்குப் போகாமல் வாங்கும் வழி

பெரிய கச்சேரி ஒன்றின் அறிவிப்பு வந்த அன்றே மறுவிற்பனைத் தளங்களில் டிக்கெட் தெரியத் தொடங்கிவிடும். முன்விற்பனைகூட ஆரம்பிக்காத நேரத்தில் அது யார் கையிலும் இருக்க முடியாது. இல்லாத சரக்குக்கு விலை போட்டு, உங்கள் பணத்தை முதலில் வாங்கிக்கொண்டு, பிறகு எங்காவது மலிவாகப் பிடித்துத் தந்துவிடலாம் என்பது விற்பவரின் கணக்கு. பிடிக்க முடியாமல் போனால் கடைசி வாரத்தில் "ரத்து" என்று ஒரு மின்னஞ்சல் வரும். டிக்கெட் பணம் திரும்ப வந்தாலும், அதை நம்பிப் போட்ட விமானக் கட்டணமும் ஹோட்டல் வாடகையும் போனது போனதுதான்.

தென்னாப்பிரிக்காவில் டர்பனை ஒட்டிய சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், டொங்காட் பக்கத்துக் குடும்பங்களுக்கு இந்த அடி பலமாக விழும். பெரிய வெளிநாட்டுக் கலைஞர்கள் பலர் டர்பனுக்கு வருவதில்லை. ஜோகன்னஸ்பர்க் எஃப்என்பி மைதானத்தோடும் கேப் டவுனோடும் திரும்பிவிடுகிறார்கள். டர்பனிலிருந்து ஜோகன்னஸ்பர்க்குக்கு என்3 சாலையில் சுமார் 570 கிலோமீட்டர். அதனால் வரிசை மாறக்கூடாது: டிக்கெட் உங்கள் பெயரில், உங்கள் செயலிக்குள் வந்த பிறகே பயணச் செலவு.

அதிகாரப்பூர்வ விற்பனையாளர் யார்?

கூகுளில் கலைஞர் பெயரோடு "டிக்கெட்" என்று தேடாதீர்கள். மேலே வருவது விளம்பரமாக இருக்கலாம். கலைஞரின் பக்கத்திலிருந்தோ, ஏற்பாட்டாளரின் பக்கத்திலிருந்தோ, அரங்கத்தின் பக்கத்திலிருந்தோ இணைப்பைத் தொட்டுப் போங்கள். பிக் கான்செர்ட்ஸ் என்ற ஏற்பாட்டு நிறுவனம் நடத்தும் நிகழ்ச்சிகள் இப்போது டிக்கெட்மாஸ்டர் தளத்தில் விற்கப்படுகின்றன. மற்றவை கம்ப்யூடிக்கெட், வெப்டிக்கெட்ஸ், குவிக்கெட், ஹவுலர் என்று பிரிந்து கிடக்கின்றன. கார்டு இல்லாதவர்கள் கம்ப்யூடிக்கெட்டுக்கு ஷாப்ரைட், செக்கர்ஸ் கடைகளிலும், வெப்டிக்கெட்ஸுக்கு பிக் என் பே கடைகளிலும் கேட்கலாம். ஆனால் சில நிமிடங்களில் விற்றுத் தீரும் நிகழ்ச்சிக்குக் கடை வரிசை உதவாது.

மறுவிற்பனைத் தளத்தில் நின்றுகொண்டே அசல் கடையில் நிற்பதாக நினைப்பவர்கள் ஏராளம். ஆஸ்திரேலிய நீதிமன்றம் 2020 அக்டோபரில் வயாகோகோ என்ற மறுவிற்பனைத் தளத்துக்கு 70 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. தன்னை அதிகாரப்பூர்வ விற்பனையாளர் போலக் காட்டியதும், பெரும்பாலான நிகழ்ச்சிகளுக்கு 27.6 சதவீதம் இருந்த பதிவுக் கட்டணத்தை முதலில் சொல்லாமல் மறைத்ததும் அந்த வழக்கில் பேசப்பட்டன. உதாரணத்துக்கு, 950 ரேண்ட் டிக்கெட்டுக்கு மறுவிற்பனைத் தளம் 1,600 காட்டுகிறது என்று வையுங்கள். இரண்டு டிக்கெட் 3,200. அந்த அளவுக் கட்டணம் சேர்ந்தால் 4,083. விலை யூரோவிலோ டாலரிலோ போனால் வங்கியின் நாணயமாற்றுக் கட்டணம் அதற்கு மேல். இரண்டுக்கும் சேர்த்து அசல் விலை 1,900 ரேண்ட்தான். பணம் கட்டும் கடைசித் திரையைப் பார்க்காமல் எந்த விலையையும் விலை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். "கடைசி 2 டிக்கெட்", "37 பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்", ஓடும் கடிகாரம் எல்லாம் உங்களை யோசிக்க விடாமல் செய்யும் ஏற்பாடு.

விற்பனை நாளுக்கு முன்

முன்விற்பனைதான் பிளாக்காரரைத் தாண்டிப் போகும் நல்ல வழி. பிக் கான்செர்ட்ஸ் நிகழ்ச்சிகள் சிலவற்றுக்கு டிஸ்கவரி வங்கி வாடிக்கையாளருக்கு முதல் வாய்ப்பு கிடைத்திருக்கிறது. ஏற்பாட்டாளரின் செய்திமடலில் பதிவு செய்தவர்களுக்கும் தனியாக ஒரு நேரம் வருவதுண்டு. பதிவு இலவசம். உங்கள் அக்காவோ மச்சானோ அந்த வங்கியில் இருந்தால் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். விற்பனை அன்று காலை கேட்டால் அவர்கள் வேலைக்குப் போயிருப்பார்கள்.

டிக்கெட் தளத்தில் கணக்கை முந்தின நாளே திறந்து, மின்னஞ்சலை உறுதி செய்து, கார்டைச் சேமித்துவிடுங்கள். பலருக்கு டிக்கெட் கைநழுவும் இடம் வரிசை அல்ல, பணம் கட்டும் திரை. இணையத்தில் வாங்குவதற்கென்று கார்டில் தனி வரம்பு இருக்கும். நான்கு டிக்கெட் விலை அதைத் தாண்டினால் வங்கி மறுத்துவிடும். வங்கிச் செயலியில் அந்த வரம்பை உயர்த்தி வையுங்கள், வாங்கியதும் குறைத்துவிடுங்கள். அடுத்த சிக்கல் வங்கி அனுப்பும் ஒப்புதல். கார்டு அப்பா பெயரில், ஒப்புதல் போவது அப்பாவின் போனுக்கு, அப்பா கடையில் என்றால் கூடையில் இருந்த இருக்கை சில நிமிடத்தில் அடுத்தவருக்குப் போய்விடும். கார்டின் சொந்தக்காரரே வாங்கட்டும், அல்லது அவர் பக்கத்தில் இருக்கட்டும். மின்வெட்டில் வீட்டு வைஃபை போகலாம். போனில் டேட்டா போட்டு வையுங்கள்.

காத்திருப்பு அறை உள்ள தளங்களில், விற்பனை தொடங்கும் கணத்தில் அங்கே இருப்பவர்களுக்குக் குலுக்கல் முறையில் இடம் தரப்படும். அதனால் இரண்டு மணி நேரம் முன்பே போய் உட்கார்ந்தால் லாபம் இல்லை. தொடங்கிய பிறகு போனால்தான் நஷ்டம். பத்து நிமிடம் முன்பு போதும். பக்கத்தைப் புதுப்பிக்காதீர்கள். ஒரே கணக்கில் நாலு ஜன்னல் திறந்தால் தானியங்கி நிரல் என்று தளம் உங்களைத் தடுக்கக்கூடும். வீட்டில் இரண்டு பேர் முயற்சி செய்வதென்றால் இரண்டு கணக்கு, இரண்டு கருவி, முடிந்தால் இரண்டு இணைப்பு.

நம் குடும்பங்களுக்கு ஒரு தனி வார்த்தை. எட்டுப் பேர் ஒரே வரிசையில் உட்கார வேண்டும் என்று நின்றால் அதிகாரப்பூர்வத் தளத்தில் இடம் கிடைக்காது. அந்த எட்டை மொத்தமாக வைத்திருப்பவர் பிளாக்காரர் மட்டும்தான், அதற்கேற்ற விலையும் சொல்வார். இரண்டிரண்டாகப் பிரித்து, ஒரே பகுதியில் வேறு வேறு வரிசையில் வாங்குங்கள். பாட்டிக்குத் துணையாக ஒருவர், சிறு பிள்ளைக்குப் பெரியவர் ஒருவர் என்று ஜோடி சேர்த்தால் போதும்.

விற்றுத் தீர்ந்த பிறகு

முதல் வாரத்தில் மறுவிற்பனையில் வாங்காதீர்கள். பதற்றம் அதிகம் உள்ள வாரம் அது, விலையும் அதிகமாக இருக்கும். பணம் மறுக்கப்பட்ட கூடைகள் அன்றே தளத்துக்குத் திரும்பி வரும், அதனால் அடுத்த ஒரு மணி நேரம் விடாமல் பாருங்கள். தேவை அதிகம் என்றால் ஏற்பாட்டாளர் இரண்டாம் நாள் அறிவிப்பார். அன்றே முதல் நாளின் பிளாக் விலை இறங்கும். நிகழ்ச்சிக்கு முந்தின சில நாளில் மேடையும் ஒலிப்பெட்டிகளும் பொருத்தி முடித்து, எங்கிருந்து பார்வை மறைகிறது என்று தெரிந்ததும், ஒதுக்கி வைத்திருந்த இருக்கைகளை அசல் விலையிலேயே விடுவதுண்டு. வர முடியாமல் போனவர்கள் விற்பதும் அந்த வாரத்தில்தான். உள்ளூர் நிகழ்ச்சி என்றால் காத்திருப்பவருக்கு நல்ல வாய்ப்பு உண்டு. வெளியூர் என்றால் பயணச் செலவும் ஏறும் என்பதைக் கணக்கில் சேர்த்து, எவ்வளவு வரை போகலாம் என்று முதலிலேயே ஒரு தொகையை முடிவு செய்யுங்கள்.

தனி ஆளிடம் வாங்கும்போது

வாட்ஸ்அப் குழுவில் இப்படி ஒரு செய்தி வரும்: "அண்ணா, கோல்டன் சர்க்கிள் நாலு இருக்கு. அம்மாவுக்கு ஆஸ்பத்திரி, போக முடியல. இப்பவே பணம் அனுப்புனா உங்களுக்கு, இல்லன்னா இன்னும் மூணு பேர் கேக்குறாங்க." கூடவே க்யூஆர் குறியீட்டின் படம். அந்தப் படத்தால் எந்தப் பயனும் இல்லை. ஒரே படத்தை இருபது பேருக்கு அனுப்பலாம். வாசலில் முதலில் ஸ்கேன் செய்தவர் உள்ளே போவார், மற்றவருக்கு "ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டது" என்று சிவப்பு விளக்கு. சில செயலிகளில் குறியீடு சில நொடிகளுக்கு ஒருமுறை மாறுவதால் எடுத்த படம் கொஞ்ச நேரத்திலேயே செத்துவிடும்.

விற்பவரிடம் கேட்க வேண்டியது படம் அல்ல, திரைப்பதிவு: செயலியைத் திறந்து, ஆர்டருக்குள் போய், பெயர், தேதி, பகுதி, வரிசை, இருக்கை எண் தெரியும்படி, குறியீட்டை மட்டும் மறைத்து. அந்தப் பகுதியும் வரிசையும் அரங்கத்தின் வரைபடத்தில் உண்டா என்று பாருங்கள். போலிகள் பல இந்த இடத்திலேயே மாட்டிக்கொள்ளும். அவர் போன் எண்ணைத் தேடுங்கள். அதே ஆள் வேறு ஊர், வேறு தேதிக்கும் விற்றுக்கொண்டிருந்தால் அவருக்கு இது தொழில், ஆஸ்பத்திரிக் கதை பொய்.

பணம் கைமாறும் இடம் கேட்வேயோ பெவிலியனோ சாட்ஸ்வொர்த் சென்டரோ, ஆள் நடமாட்டம் உள்ள கடைத்தொகுதியாக இருக்கட்டும். செயலியில் மாற்றிக் கொடுக்கும் வசதி இருந்தால், டிக்கெட் உங்கள் கணக்குக்கு வந்து நீங்கள் ஏற்றுக்கொண்ட பிறகு, அவர் கண்முன்னே பணம் அனுப்புங்கள். அந்த வசதி இல்லாத பிடிஎஃப் டிக்கெட் என்றால் நன்றாகத் தெரிந்தவரிடம் மட்டும். முகம் தெரியாதவருக்கு இஎஃப்டி (வங்கிப் பரிமாற்றம்), பேஷாப் (உடனடிப் பரிமாற்றம்), இ-வாலட் (போன் எண்ணுக்குப் பணம் அனுப்புவது) எதிலும் முன்பணம் அனுப்பக்கூடாது. அனுப்பிய பணத்தை வங்கி தானாகத் திருப்பித் தராது.

பலர் யோசிக்காத இன்னொன்று: நிகழ்ச்சி ரத்தானால் பணம் முதலில் வாங்கியவரின் கார்டுக்கே திரும்பும். மூன்று மடங்கு கொடுத்து வாங்கிய உங்களுக்கு அசல் விலைகூட நேராக வராது. வாங்கும்போதே, "ரத்தானால் பணம் உங்களுக்கு வரும், எனக்கு அனுப்பிவிட வேண்டும்" என்று எழுத்தில் வாங்கி வையுங்கள்.

ஏமாந்துவிட்டால்

கார்டில் கட்டியிருந்தால் வங்கியிடம் பரிவர்த்தனை மறுப்பு (கட்டிய பணத்தைத் திரும்பப் பெறும் கோரிக்கை) கேளுங்கள். விசா, மாஸ்டர்கார்டு விதிகளில் பொதுவாக 120 நாள் அவகாசம் உண்டு. தாமதிக்காமல் விளம்பரத்தின் படம், உரையாடல், ரசீது, வாசலில் மறுக்கப்பட்டதற்கான சான்று எல்லாம் சேர்த்துக் கொடுங்கள். வாசலில் மறுத்தால் கோபத்தில் திரும்பிவிடாமல், டிக்கெட் சாளரத்தில் ஒரு வரி எழுதி வாங்குங்கள். வழக்கு நிற்பது அதில்தான். வங்கிப் பரிமாற்றம் என்றால் அந்த நிமிடமே வங்கியின் மோசடிப் பிரிவுக்குப் போன் செய்யுங்கள், பெற்றவர் கணக்கில் பணம் மிச்சம் இருந்தால் முடக்க முடியும். பிறகு காவல் நிலையத்தில் மோசடிப் புகார் கொடுத்து வழக்கு எண் வாங்குங்கள். வங்கி கைவிரித்தால் தேசிய நிதிக் குறைதீர்ப்பு அமைப்பு இருக்கிறது. 2024 மார்ச் 1 முதல் இயங்குகிறது.

சட்டத்தில் எது உதவும், எது உதவாது என்று தெரிந்திருப்பது நல்லது. இணையத்தில் வாங்கியதை 7 நாளுக்குள் ரத்து செய்யும் உரிமை 2002ஆம் ஆண்டு மின்னணுப் பரிவர்த்தனைச் சட்டத்தில் உண்டு, ஆனால் குறித்த தேதியில் நடக்கும் பொழுதுபோக்கு நிகழ்ச்சிக்கு அது பொருந்தாது. 2008ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவு முன்பதிவை ரத்து செய்ய அனுமதிக்கிறது, விற்பனையாளர் நியாயமான கட்டணம் பிடிக்கலாம். பதிவு யாருக்காகச் செய்யப்பட்டதோ அவர் இறந்தாலோ மருத்துவமனையில் சேர்க்கப்பட்டாலோ அந்தக் கட்டணமும் பிடிக்கக் கூடாது. இந்த உரிமை அசல் விற்பனையாளரிடம் செல்லுபடியாகும். தொழிலாகச் செய்யாமல் ஒரே ஒருமுறை விற்ற தனி ஆளை இந்தச் சட்டம் கட்டுப்படுத்தாது.

உங்களிடம் டிக்கெட் மிஞ்சினால் அசல் விலைக்கே விடுங்கள். கட்டிய பதிவுக் கட்டணத்தைச் சேர்த்துக் கேட்பதில் தவறில்லை. குறியீடு தெரியும் படத்தைப் பொதுவில் போடாதீர்கள், வேறொருவர் நகல் எடுத்துவிடுவார். வாங்குபவர் காட்டும் "பணம் அனுப்பிய ரசீது" போலியாக இருக்கலாம். உங்கள் கணக்கில் தொகை தெரிந்த பிறகே டிக்கெட்டை மாற்றுங்கள்.

சங்கங்களும் சிறு ஏற்பாட்டாளர்களும்

மண்டபத்தில் ஐந்நூறு பேருக்கு நடத்தும் ஆர்கெஸ்ட்ரா நிகழ்ச்சிக்கும் பிளாக் வரும். டிக்கெட் விற்கும் கடைக்காரர் ஐம்பது டிக்கெட் கொண்ட புத்தகத்தை அப்படியே ஒருவருக்குக் கொடுத்துவிடுவதில்தான் அது தொடங்குகிறது. ஒருவருக்கு ஆறுக்கு மேல் இல்லை என்று கடைக்காரரிடம் எழுதிக் கொடுங்கள். அடிக்கட்டையில் வாங்கியவர் பெயரும் போன் எண்ணும் இருக்கட்டும். எல்லாவற்றையும் ஒரே நாளில் விற்காமல் மூன்று தவணையாக விடுங்கள். இன்னும் வரும் என்று தெரிந்தால் பதுக்குபவருக்குத் துணிச்சல் குறையும். வர முடியாதவர் சங்கத்திடமே திருப்பிக் கொடுத்து அசல் பணம் வாங்க ஒரு போன் எண்ணைச் சுவரொட்டியிலேயே போடுங்கள், திரும்பி வந்த டிக்கெட்டைக் காத்திருப்போர் பட்டியலில் உள்ளவருக்குக் கொடுங்கள். தொலைந்ததாகச் சொல்லப்பட்ட எண்களின் பட்டியல் வாசலில் நிற்கும் ஒவ்வொருவர் கையிலும் இருக்க வேண்டும். ஒரே எண்ணில் இரண்டு பேர் வந்தால் வரிசையை நிறுத்தாமல் இருவரையும் பக்கத்து மேசைக்கு அனுப்பி, அடிக்கட்டையில் எந்தப் பெயர் இருக்கிறதோ அவரை உள்ளே விடுங்கள்.