நகப்பூச்சில் குமிழி எழாமல் செய்த விதம்

தண்டையார்பேட்டையின் புழுக்கமான மாலைகளில், மின்விசிறிக்கு அடியில் அமர்ந்து பூசிய நகப்பூச்சில் குண்டூசி முனையளவு குமிழிகள் எழுந்துகொண்டே இருந்தன. எத்தில் அசிட்டேட், பியூட்டைல் அசிட்டேட் போன்ற கரைப்பான்கள் ஆவியாவதால்தான் பூச்சு காய்கிறது. விசிறிக் காற்றில் மேற்பரப்பு முதலில் இறுகிவிட, அடியில் சிக்கிய கரைப்பான் குமிழியாக உப்புகிறது. ஆகவே விசிறியை நிறுத்திவிட்டு (வியர்வை வழிய உட்கார்ந்திருப்பது சுகமன்று), பாட்டிலைக் குலுக்காமல் உள்ளங்கைகளுக்கிடையே உருட்டி, நகத்தில் படிந்திருந்த தேங்காயெண்ணெய்ப் பிசுக்கை ரிமூவர் தோய்த்த பஞ்சால் துடைத்த பிறகே பூசினேன். தூரிகையைப் பாட்டிலின் கழுத்தில் நன்றாக வழித்து, நடுவில் ஒன்றும் ஓரங்களில் ஒவ்வொன்றுமாக மூன்றே இழுப்பில் மெல்லியதாகப் பூசி, அது காய்ந்த பின்னரே அடுத்த பூச்சைத் தொட்டேன். குமிழிகள் நின்றன, நக நுனியின் விளிம்பிலும் தூரிகையை ஓட்டியிருந்ததால், பாத்திரம் துலக்கிய பிறகும் பூச்சு பெயரவில்லை.