குட்டிப் பூனை வளரும் வீட்டில் ஆரி வேலையும் தையலும்

இரண்டு மாதக் குட்டிக்கு நூல் என்பது ஓடுகிற இரை. ஊசியை இழுக்கும்போது நூல் துணிமேல் சரசரவென்று நகர்கிறது, சட்டென்று நிற்கிறது, மறுபடி நகர்கிறது. பல்லியும் எலியும் அப்படித்தான் ஓடும். அதனால் “சீ, போ” என்று விரட்டிப் பயனில்லை. அதையும் விளையாட்டாக எடுத்துக்கொண்டு திரும்பி வரும். குட்டியின் நேரம் பார்த்து வேலைக்கு உட்கார வேண்டும், வேலை முடிந்ததும் ஒரு துண்டு நூல்கூட வெளியில் கிடக்கக் கூடாது.

பூனைக்கு விடியற்காலையும் விளக்கு வைக்கிற நேரமும்தான் வேட்டை நேரம். மாலை 5.30 முதல் 7.30 வரை, ஆரி வேலைக்கு (கொக்கி முனை ஊசியால் போடும் பூத்தையல்) துணியை இழுத்துக் கட்டும் சட்டத்தை எடுக்கவே வேண்டாம். மதியமோ, இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகோ உட்காருவது நல்லது. அதற்கு முன் 10 முதல் 15 நிமிடம் குட்டியை நன்றாக ஓட விடுங்கள். மூன்றடிக் குச்சியின் நுனியில் அகலமான காட்டன் துணிப் பட்டையை இறுக்கிக் கட்டி, தரையோடு தரையாக இழுத்தால் போதும். கையை ஆட்டி விளையாட்டுக் காட்டாதீர்கள். நாளைக்கு ஊசி பிடித்த அதே கையின் மேல்தான் பாயும். கடைசி இரண்டு நிமிடம் வேகத்தைக் குறைத்துப் பட்டையைப் பிடிக்க விடுங்கள். பிடிபடாமலே ஆட்டம் முடிந்தால் குட்டி அடங்காது, அடுத்து உங்கள் நூலைத் தேடி வரும். பிடித்த கையோடு சாப்பாடு வையுங்கள். இந்த வயதில் ஒரு நாளைக்கு நான்கு வேளை கொடுப்பதால், அதில் ஒன்றை இதற்கென்று ஒதுக்கிவிடலாம். சாப்பிட்டு, உடம்பை நக்கித் துடைத்துக்கொண்டு, தூங்கப் போய்விடும். அந்தத் தூக்கம்தான் உங்கள் வேலை நேரம். குச்சியைப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டுங்கள். பட்டையும் விழுங்கக்கூடிய பொருள்தான்.

பாதியில் விழித்துக்கொண்டால் நேராக உங்கள் மடிக்குத்தான் வரும். பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு, அதன்மேல் அட்டைப்பெட்டி வைத்து, நீங்கள் உடுத்திப் பழசான காட்டன் புடவையை உள்ளே மடித்துப் போடுங்கள். சட்டத்தில் கால் வைத்த உடனே எதுவும் பேசாமல் இரண்டு கையாலும் தூக்கிப் பெட்டியில் விட்டு, இரண்டு தீனி மணிகளைப் போடுங்கள். ஒவ்வொரு முறையும் இதையே செய்ய வேண்டும். ஒரு நாள் கொஞ்சி மடியில் வைத்துக்கொண்டு, மறுநாள் திட்டினால் குட்டிக்கு எதுவும் விளங்காது.

ஆரிச் சட்டத்தில் இழுத்துக் கட்டிய துணிதான் குட்டிக்கு மிகவும் பிடித்த இடம். ஏறிக் குதித்தால் நகம் சங்கிலித் தையலில் மாட்டி ஒரு கண்ணி மேலே எழும்பிவிடும். அதைக் கத்தரிக்கவே கூடாது. ஆரியில் ஒரே நூல்தான் ஓடுகிறது, நடுவில் வெட்டினால் அங்கிருந்து வரிசையாகப் பிரிந்துகொண்டே போகும். மொட்டை ஊசியின் முனையால் தொய்வை ஒரு கண்ணியிலிருந்து அடுத்த கண்ணிக்குத் தள்ளிக்கொண்டே போனால் ஏழெட்டுக் கண்ணிகளில் பரவி மறைந்துவிடும். தொய்வு அதிகமென்றால் அடிப்பக்கம் இழுத்து, மெல்லிய நூலால் பிடித்துத் தைத்துவிடுங்கள். எழுந்து போகும்போதெல்லாம் சட்டத்தின் அளவுக்கு வெட்டிய கனமான அட்டையை மேலே வைத்து, நான்கு பக்கமும் கிளிப் போடுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நகத்தின் கூர் முனையை மட்டும் வெட்டிவிட்டால் சேதம் குறையும். உள்ளே இளஞ்சிவப்பாகத் தெரிகிற பகுதியில் ரத்தக்குழாய் இருக்கிறது, அதைத் தொடக் கூடாது.

மிதி மெஷின் வைத்திருப்பவர்கள் மிதிக்கும் முன் ஒவ்வொரு தடவையும் குனிந்து பாருங்கள். மிதிபலகைக்குப் பின்னால் இருட்டாக, வாகாக இருப்பதால் குட்டி அங்கே போய்ப் படுத்துக்கொள்ளும். கீழ்ச் சக்கரத்துக்கும் பெல்ட்டுக்கும் நடுவில் வாலோ காலோ சிக்கினால் எலும்பே முறியலாம். வேலை முடிந்ததும் பெல்ட்டைச் சக்கரத்திலிருந்து கழற்றி விடுங்கள். மோட்டார் மெஷின் என்றால் பிளக்கையே பிடுங்கிவிட வேண்டும். பெடலில் குட்டி ஏறி நின்றாலும் ஊசி இறங்கலாம்.

இனி நூலுக்கு வருவோம். துணி கெட்டால் வேறு துணி வாங்கலாம். நூல் வயிற்றுக்குள் போனால் குட்டியின் உயிருக்கே ஆபத்து. பூனை நாக்கின் முட்கள் எல்லாம் தொண்டையைப் பார்த்துச் சாய்ந்திருப்பதால், வாய்க்குள் போன நூலை அதனால் எளிதில் துப்ப முடியாது, உள்ளே உள்ளேதான் போகும். ஒரு முனை நாக்கின் அடியிலோ இரைப்பையிலோ மாட்டிக்கொள்ள, மறுமுனை குடலுக்குள் இறங்க, குடல் அந்த நூலின் மேல் புடவைக் கொசுவம்போலச் சுருங்கும். இறுகிய நூல் குடல் சுவரை அறுத்துவிடும்.

அதனால் வெட்டிய நூல் துண்டைத் தரையிலோ மடியிலோ போடாதீர்கள். திருகு மூடி பாட்டிலின் மூடியில் விரல் நுனி அளவு துளை போட்டுப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு, வெட்டிய உடனே அதற்குள் திணியுங்கள். ஊசிகளை எடுக்கும்போதும் வைக்கும்போதும் எண்ணுங்கள். ஒன்று குறைந்தால் பெரிய காந்தத்தைத் துணியில் சுற்றித் தரை முழுக்கத் தடவி, ஊசி கிடைக்கும்வரை குட்டியை வேறு அறையில் விடுங்கள். நூல்கண்டு, ஜரிகை, எலாஸ்டிக், மணி எல்லாம் அழுத்தி மூடும் டப்பாவில்தான் இருக்க வேண்டும். பிளாஸ்டிக் கவர் போதாது, பல்லால் கிழித்துவிடும். நான்கு மாதத்திலிருந்து ஆறு மாதம்வரை பால்பல் விழுந்து புதுப்பல் முளைக்கும். அப்போது கண்டதையும் கடிக்கும் என்பதால் இன்னும் கவனம் தேவை.

வாயிலோ ஆசனவாயிலோ நூல் தொங்குவதைப் பார்த்தால் பிடித்து இழுக்காதீர்கள். பாலோ எண்ணெயோ புகட்டாதீர்கள், வாந்தி எடுக்க வைக்கவும் முயலாதீர்கள். அடிக்கடி வாந்தி, சாப்பிடாமல் மூலையில் ஒடுங்குவது, எச்சில் வழிவது, முன்னங்காலால் வாயைத் தேய்ப்பது இவற்றில் எது தெரிந்தாலும் மறுநாள்வரை காத்திருக்காமல் கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போங்கள். நாக்கின் அடியில் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். எக்ஸ்ரேயில் ஊசி பளிச்சென்று தெரியும், பருத்தி நூலும் பட்டு நூலும் தெரியாது. அதனால் எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்றாலும், நூல் காணாமல் போனதை மருத்துவரிடம் தெளிவாகச் சொல்லி, அதே கண்டிலிருந்து ஒரு முழம் வெட்டி எடுத்துப் போய்க் காட்டுங்கள்.