வீட்டுக்கு எந்த நாய் ஒத்துவரும்? இனங்களின் குணத்தை ஒப்பிடும் முறை

குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு எந்த நாய் நல்லது என்று கேட்டால், பலரும் யோசிக்காமல் லாப்ரடார் என்பார்கள். பொறுமையான இனம்தான். ஆனால் எட்டு மாத லாப்ரடார் 25 கிலோ எடையோடு பாசமாகத் துள்ளி வந்தால் மூன்று வயதுக் குழந்தை கீழே விழும். குணம் என்பது நாயிடம் மட்டும் இல்லை. உங்கள் வீட்டோடு சேர்த்துத்தான் அதைப் பார்க்க வேண்டும்.

படி 1: முதலில் வீட்டை எழுதுங்கள்

நாய் தனியாக இருக்கப்போகும் மணிநேரம், கடைக்குட்டியின் வயது, பூனை, கோழி உண்டா, பக்கத்து வீட்டுச் சுவர் எவ்வளவு நெருக்கம் என்று குறித்துக்கொள்ளுங்கள். நடைக்கு ஒதுக்கும் நேரத்தை ஆசையில் எழுத வேண்டாம். போன மாதம் நீங்கள் நிஜமாகவே எத்தனை நாள், எத்தனை நிமிடம் நடந்தீர்களோ, அதை எழுதுங்கள்.

படி 2: அந்த இனத்தின் பழைய வேலை என்ன?

இணையத்தில் எல்லா இனத்துக்கும் 'அன்பானது, புத்திசாலி' என்றே போட்டிருக்கும். அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. எந்த வேலைக்காக வளர்க்கப்பட்டது என்று பாருங்கள்.

பார்டர் கோலி ஆடு மேய்க்கும் நாய். ஓடுவதை மடக்குவது அதன் ரத்தத்தில் ஊறியது. ஆடு இல்லாத வீட்டில் ஓடியாடும் பிள்ளைகளை மடக்கும், குதிகாலைக் கவ்வும். பீகிள் கூட்டமாக முயல் மோப்பம் பிடித்த இனம். வாசனை கிடைத்துவிட்டால் கூப்பிடுவது காதில் ஏறாது, தனியாக விட்டால் ஊளையிடும். லாப்ரடாரும் கோல்டன் ரிட்ரீவரும் வேட்டையில் விழுந்த பறவையை வாயில் தூக்கிவந்தவை. அதனால்தான் வீட்டில் ஒரு செருப்பு மிஞ்சாது. டாஷ்ஹண்ட் பொந்துக்குள் தனியே நுழைந்து பேட்ஜர் என்ற வளை தோண்டும் விலங்கை எதிர்த்தது. தானே முடிவெடுத்துப் பழகியதால் பிடிவாதம் அதிகம், பிடித்து இழுத்தால் பொறுக்காது. முதுகு நீளம் என்பதால் சோபாவிலிருந்து குதிப்பதும் ஆபத்து. ஜெர்மன் ஷெப்பர்ட் வீட்டாரிடம் உயிரையே வைக்கும், புதியவரைச் சந்தேகிக்கும். தினமும் விருந்தாளி வரும் வீட்டில் பயிற்சி இல்லாமல் அதைச் சமாளிப்பது கஷ்டம்.

எதிர்பாராதது கிரேஹவுண்ட். ஓட்டப்பந்தய நாய் என்று பயப்படுவார்கள். வீட்டுக்குள் பாதி நாள் தூங்கும். பூனை ஓடினால் மட்டும் கதை வேறு. பக் பிள்ளைகளோடு நன்றாக ஒட்டும், ஆனால் மூக்கு சப்பை. வெயிலில் ஓடவிட்டால் மூச்சு திணறும். பொமரேனியன் இரண்டு, மூன்று கிலோதான். குழந்தை கைநழுவவிட்டால் கால் ஒடியும்.

படி 3: அட்டவணை போடுங்கள், கூட்டாதீர்கள்

மூன்று இனங்களுக்கு மேல் வேண்டாம். சுறுசுறுப்பு, தனிமையைத் தாங்குதல், புதியவரிடம் பழகுதல், குழந்தையின் முரட்டுக் கையைப் பொறுத்தல், குரைப்பு, துரத்தும் குணம் ஆகிய ஆறுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண் கொடுங்கள் (உங்கள் வீட்டுக்கு நன்றாக ஒத்துவந்தால் 5, ஒத்துவராவிட்டால் 1).

புதியவர்கள் தவறுவது இங்கேதான்: மொத்தத்தைக் கூட்டி முதலிடம் பார்ப்பார்கள். மற்ற ஐந்திலும் நல்ல மதிப்பெண் வாங்கிய நாய், தனிமையில் 1 வாங்கியிருக்கலாம். உங்கள் வீடு ஒன்பது மணிநேரம் பூட்டிக் கிடந்தால் அந்த ஒரு கட்டமே போதும், அதை நீக்கிவிடுங்கள்.

படி 4: இனத்தை விட்டு அந்த நாயைப் பாருங்கள்

2022-ல் சயின்ஸ் இதழில் வந்த ஆய்வில் 18,000-க்கும் மேற்பட்ட நாய்களின் குணம் விசாரிக்கப்பட்டது. நாய்க்கு நாய் உள்ள வேறுபாட்டில் இனம் விளக்குவது சுமார் 9 சதவீதமே. ஆக, அட்டவணை தேடலைக் குறைக்கத்தான் உதவும்.

குட்டியென்றால் தாய் நாயைப் பார்க்காமல் வாங்காதீர்கள். தரையில் உட்காருங்கள், கூப்பிட வேண்டாம், பத்து நிமிடம் காத்திருங்கள். உடம்பு தளர்ந்து தானாக அருகில் வந்தால் நல்லது. வால் ஆடுவதை மட்டும் நம்பாதீர்கள். உடம்பு விறைத்து வால் நுனி மட்டும் ஆடினால் அது பதற்றம். பிறகு ஆறேழு அடி தள்ளி சாவிக்கொத்தைப் போடுங்கள். குட்டி திடுக்கிடலாம், தப்பில்லை. சில நொடிகளில் தேறிவந்து முகர்கிறதா, மூலையிலேயே ஒடுங்கிக் கிடக்கிறதா என்பதைக் கவனியுங்கள். எட்டு வாரத்துக்கு முன் தாயிடமிருந்து பிரிக்க வேண்டாம். மூன்றாவது வாரத்திலிருந்து பன்னிரண்டு, பதினான்கு வாரம் வரை பார்த்த ஆட்களும் கேட்ட சத்தங்களும்தான் பிற்காலத்தில் அதற்குச் சகஜமாக இருக்கும்.

முதன்முறை வளர்ப்பவர்களுக்கு இரண்டு வயது தாண்டிய நாயே மேல் என்பது எங்கள் கருத்து. குணம் அதற்குள் படிந்திருக்கும். கண்ணால் பார்த்து எடுக்கலாம்.

படி 5: வீட்டுக்கு வந்த பிறகு

எந்த இனமானாலும் சின்னக் குழந்தையோடு தனியாக விடாதீர்கள். உறக்கம் இல்லாமலே கொட்டாவி, உதட்டை நக்குதல், முகத்தைத் திருப்பிக்கொண்டு வெள்ளை விழி தெரியப் பார்த்தல் எல்லாம் 'போதும், விடு' என்று நாய் சொல்வது. அப்போதே குழந்தையை விலக்குங்கள். அதையும் தாண்டி உறுமினால் அடிக்காதீர்கள். உறுமலுக்கு அடி வாங்கிய நாய், அடுத்த முறை உறுமாமல் நேரே கடிக்கும்.