டேட்டா குறைவென்றாலும் கணினி விஞ்ஞானம் படிக்கலாம்

ஏ.எல். எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருப்பவர்களுக்கு ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் இணையவழிக் கணினி விஞ்ஞான அறிமுகப் பாடநெறியான சிஎஸ்50 ஒன்றே போதும். நாலைந்து பாடநெறிகளில் ஒரேயடியாகப் பதிந்தால் ஒன்றும் முடியாது.

மாங்குளம், புதுக்குடியிருப்புப் பக்கம் சிக்னல் விட்டுவிட்டு வரும் வீடுகளில் விரிவுரையை இணையத்தில் ஓடவிட்டுப் பார்க்காதீர்கள். பாடநெறியின் சொந்தத் தளத்திலிருந்து இரவு டேட்டாவில் கோப்பாக இறக்கி வையுங்கள். குறைந்த தரம் போதும். கோட் மங்கலாகத் தெரிந்தால் அதே பக்கத்து எழுத்துக் குறிப்பைப் பாருங்கள். மடிக்கணினி இல்லையா? ஆண்ட்ராய்டு போனில் டெர்மக்ஸ் என்ற கட்டளைத்திரைச் செயலியைப் போட்டு, அதில் கிளாங் கம்பைலரை (நிரலை இயந்திரமொழிக்கு மாற்றும் மென்பொருள்) நிறுவினால் சி மொழி நிரல் இணையமின்றியே ஓடும். விரலால் தட்டுவதுதான் சள்ளை, ஓ.டி.ஜி. வயரில் (போனில் யூஎஸ்பி கருவிகளைப் பொருத்தும் வயர்) ஒரு கீபோர்ட்டைக் கொழுவிவிடுங்கள்.

பாடநெறியில் வாரத்துக்கொரு நிரல்மொழி வரும்: வாரம் 0 ஸ்கிராட்ச், 1 முதல் 5 வரை சி, 6இல் பைதன். சறுக்குமிடம் 4ஆம் வாரம், நினைவகம். அதற்கு ஒரு சின்னப் பரிசோதனை: ‘வன்னி’ என்ற சொல்லின் நீளத்தை, சொல்லின் பைட்டுகளை எண்ணும் சி மொழிச் சார்பான ஸ்ட்ர்லென்னால் (strlen) அளந்து பாருங்கள். 3 எழுத்துத்தானே என்றால், 15 என்று வரும். புள்ளியும் விசிறியும் (ி) தனிக் குறிகள் என்பதால், எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடில் அது 5 குறிகள். அவற்றைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றும் 3 பைட். முடிவைக் காட்டும் பூச்சிய பைட்டுக்கும் சேர்த்து நினைவகத்தில் 16 பைட் ஒதுக்க வேண்டும். 15 மட்டும் ஒதுக்கினால் சிலவேளை ஓடும், சிலவேளை குப்பை எழுத்து வரும். ஓடுகிற நாள்தான் ஆபத்து, பிழை கண்ணில் படாது.

இதே பாடநெறியைத் தரும் எடெக்ஸ் தளத்தின் சான்றிதழுக்குக் காசு. சிஎஸ்50இன் சொந்தச் சான்றிதழ் இலவசம்.