வரப்போகும் போனில் உங்கள் சிம்முக்கு 5ஜி கிடைக்குமா? முன்கூட்டியே பார்ப்பது எப்படி

புது போன் ஒன்று வரப்போகிறது. விலைகூடக் கசிந்துவிட்டது, பெயரிலேயே 5ஜி இருக்கிறது. ஆனால் அது உங்கள் சிம்மில் ஓடுமா? அறிமுக நாளுக்கு முன்பே ஓரளவு கண்டுபிடித்துவிடலாம்.

படி 1: சிப்பின் பெயர்

கசியும் தகவல்களில் பெரும்பாலும் சிப் பெயர் இருக்கும். மீடியாடெக் ஹீலியோ என்றால் 4ஜியோடு சரி. டைமென்சிட்டி என்றால் 5ஜி. ஸ்னாப்டிராகனில் எண்ணைப் பார்க்க வேண்டும்: 680, 685 இரண்டும் 4ஜி, 695 என்றால் 5ஜி. 4ஜி சிப் உள்ள போனுக்கு அப்டேட்டில் 5ஜி வரும் என்று கடைக்காரர் சொன்னால் சிரித்துவிட்டு வந்துவிடுங்கள். அதற்கான மோடமே, அதாவது 5ஜி சிக்னலைப் பிடிக்கும் பகுதியே, உள்ளே இல்லை.

படி 2: பேண்ட்

பேண்ட் என்றால் சிக்னல் வரும் அலைவரிசை. இந்தியாவில் 5ஜிக்கு முக்கியமானது என்78 (n78), அதாவது 3300 மெகாஹெர்ட்ஸ் பக்கம். ஜியோ, ஏர்டெல் இரண்டுக்கும் இது வேண்டும். ஜியோ சிம் என்றால் என்28-ம் (n28) இருக்கிறதா என்று பாருங்கள். அது 700 மெகாஹெர்ட்ஸ். சுவர் தாண்டி வீட்டுக்குள் வருவதில் கெட்டி.

படி 3: எஸ்ஏவா, என்எஸ்ஏவா?

பலர் கோட்டை விடும் இடம் இதுதான். 2022 அக்டோபரில் இந்தியாவில் 5ஜி வந்தபோது ஜியோ எஸ்ஏ (SA, தனித்து இயங்கும் 5ஜி) முறையை எடுத்தது. அதில் 4ஜியின் துணை தேவையில்லை. ஏர்டெல் எடுத்தது என்எஸ்ஏ (NSA, தனித்து இயங்காத 5ஜி). அதில் போன் முதலில் 4ஜியில் இணைந்து, அதன் மேல் 5ஜியைச் சேர்த்துக்கொள்ளும்.

2024 நவம்பரில் வந்த ரெட்மி ஏ4 5ஜியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆரம்ப விலை 8,499 ரூபாய், சிப் ஸ்னாப்டிராகன் 4எஸ் ஜென் 2. அதில் எஸ்ஏ மட்டும்தான். ஜியோ சிம் போட்டால் 5ஜி, ஏர்டெலின் என்எஸ்ஏ நெட்வொர்க்கில் 4ஜி! பெட்டியில் 5ஜி என்று போட்டிருப்பது பொய்யில்லை, ஆனால் ஏர்டெல்காரருக்கு அதனால் என்ன லாபம்? விலை குறைந்த 5ஜி போன் என்றால் இந்தப் படியைத் தாண்டவே கூடாது.

படி 4: சான்றிதழ்ச் செய்திகள்

‘பிஐஎஸ் தளத்தில் தென்பட்டது’ என்று செய்தி வரும். பிஐஎஸ் என்பது பொருள்களுக்குத் தரச் சான்று தரும் இந்திய அரசு அமைப்பு. அங்கே மாடல் எண் இருக்கும், பேண்ட் விவரம் இருக்காது. அமெரிக்காவின் தகவல்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பான எஃப்சிசியின் ஆவணத்தில் பேண்டுகள் இருக்கும். ஆனால் அது அந்த நாட்டுக்கான சோதனை. அதில் என்28 இல்லை என்பதற்காக இந்திய மாடலிலும் இல்லை என்று முடிவுகட்ட வேண்டாம்.

படி 5: அறிமுக நாளில்

நிறுவனத்தின் இந்தியத் தளத்தைத் திறந்து, விவரப் பட்டியலில் நெட்வொர்க் பகுதிக்குப் போங்கள். என்78, என்28, எஸ்ஏ, என்எஸ்ஏ நான்கையும் தேடுங்கள். வெளிநாட்டு மாடலின் பட்டியலைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள், பேண்டுகள் நாட்டுக்கு நாடு மாறும்.

அப்புறம், எல்லாம் இருந்தும் நிறுவனம் மென்பொருள் அப்டேட்டில் 5ஜியைத் திறந்துவிட வேண்டியிருக்கலாம். ஐபோன் 12 வந்தது 2020-ல். இந்தியாவில் அதற்கு 5ஜி கிடைத்தது 2022 டிசம்பரில், ஐஓஎஸ் 16.2 அப்டேட்டோடு. அதனால் புது போன் கைக்கு வந்ததும் அப்டேட்டை முடித்துவிட்டு, செட்டிங்ஸில் மொபைல் நெட்வொர்க் பகுதியில் 5ஜியைத் தேர்ந்தெடுங்கள். ஜியோ, ஏர்டெல் 4ஜி சிம்மே போதும், புது சிம் வாங்க வேண்டியதில்லை.